‘எந்தப் பேரைச் சொல்லட்டும், சிஸ்டர்?’ – சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு சட்டப்பேரவை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக்கு மேல் இரவுப் பணிதான். ஓய்வுபெற்ற செவிலியர் மடல் எழுதினால் ஓய்வூதியம், ஆள் பற்றாக்குறை, எட்டு கட்டிலுக்கு ஒரு சிஸ்டர் என்றுதான் எழுதுவார் என நினைப்பீர்கள். அவையெல்லாம் உண்மையான குறைகள்தான். அவற்றைச் சொல்ல எங்களுக்குச் சங்கம் இருக்கிறது.

இந்த மடல் வார்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றியது. அளவு சரியில்லாத நீலச் சட்டை, கழுத்தில் ஒரு விசில், சில இடங்களில் கையில் ஒரு கம்பு. நாங்கள் ‘செக்யூரிட்டி அண்ணே’ என்று கூப்பிடுவோம். நோயாளியின் உறவினர்கள் ‘ஏய் வாட்ச்மேன்’ என்பார்கள். அலுவலகக் கோப்பில் ‘வெளிமுகமைப் பணியாளர்’ என்று இருக்கும், அதாவது தனியார் ஏஜென்சி வழியாக ஒப்பந்தத்தில் வந்தவர். மருத்துவமனை மட்டுமல்ல, ஆட்சியர் அலுவலகம், தாலுகா அலுவலகம், நூலகம், விடுதி, கோயில் என்று அரசின் கை படும் இடங்களில் எல்லாம் இவரை நீங்கள் கடந்துதான் உள்ளே போகிறீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பிரசவ வார்டு. இரவு ஒன்றரை மணி இருக்கும். குடித்துவிட்டு வந்த நாலு பேர், குழந்தையை இப்போதே பார்க்க வேண்டும் என்று கதவைத் தள்ளினார்கள். உள்ளே பதினெட்டு தாய்மார்கள். பலருக்குப் பிள்ளை பிறந்து சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. நானும் ஒரு பயிற்சி மாணவியும் மட்டும் பணியில் இருந்தோம். செக்யூரிட்டி அண்ணன் கதவை மறித்து நின்றார். ‘காலையில வாங்க தம்பி, பிள்ளை தூங்குது’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் கை ஓங்கியது யார் என்று நான் பார்க்கவில்லை. விழுந்து எழுந்தபோது வாயெல்லாம் ரத்தம். முன்பல் இரண்டு போயிருந்தன. அப்போதும் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை அவர்.

வார்டில் அடுத்த சிஸ்டர் வந்ததும் அவரை நானே கேஷுவாலிட்டிக்கு அழைத்துப் போனேன். அடிபட்டு வருகிறவர்களின் விவரத்தை விபத்துப் பதிவேட்டில் எழுதுவது வழக்கம். ஏஆர் என்போம். பணியில் இருந்த இளம் மருத்துவர் பேனாவை எடுத்து, ‘பேர் சொல்லுங்க’ என்றார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயில் பஞ்சு வைத்திருந்ததால் மெல்லத்தான் பேச முடிந்தது.

‘எந்தப் பேரைச் சொல்லட்டும், சிஸ்டர்?’

அந்த வார்டு வாசலில் நாலு வருஷமாக அவரைப் பார்த்து வருகிறேன். என் மகளின் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியிருக்கிறார். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது என்பது அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது. சட்டைப் பையில் இருந்த அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தேன். அதில் வேறு ஒரு பெயர், வேறு ஒருவர் முகம்.

விஷயம் இதுதான். காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை அவர் தன் சொந்தப் பெயரில் புறநோயாளிப் பிரிவில் நின்றிருக்கிறார். மாலை ஏழு மணிக்கு, இரண்டு மாதம் முன்பே வேலையை விட்டுப் போய்விட்ட இன்னொருவரின் பெயரில் பிரசவ வார்டுக்கு வந்திருக்கிறார். ஏஜென்சி அந்த ஆளுக்குப் பதில் புது ஆள் போடவில்லை. பதிவேட்டில் இரண்டு பேர், தரையில் ஒரே ஆள். அடி வாங்கிய நேரத்தில், பதிவேட்டின்படி, அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரத்தில் ஏஜென்சியின் சூப்பர்வைசர் பைக்கில் வந்து சேர்ந்தார். அடிதடி என்று எழுதினால் போலீஸ் வரும், போலீஸ் வந்தால் வருகைப் பதிவேட்டைக் கேட்கும் என்று அண்ணனின் காதருகே குனிந்து சொன்னார். எனக்கும் கேட்டது. கடைசியில் ஏஆரில் எழுதப்பட்டது: ‘படியில் வழுக்கி விழுந்ததாகக் கூறுகிறார்.’ நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். வாய் திறந்து மறுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் மருத்துவமனையில் கேட்டால் ‘அவர் நம்ம ஸ்டாஃப் இல்லையே’ என்றார்கள். நாலாவது நாள், முகம் வீங்கியபடியே அவர் மறுபடி நாற்காலிக்கு வந்துவிட்டார். வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது.

அன்றிலிருந்து என்னை அரிக்கும் கேள்வி ஒன்றுதான்: இவர் யாருடைய ஆள்? மருத்துவமனை ஏஜென்சியைக் கை காட்டுகிறது. ஏஜென்சி, எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னது மருத்துவமனைதானே என்கிறது. ஏஜென்சிக்கு உரிமம் கொடுத்த அதிகாரி தாள்கள் சரியாக இருப்பதாகச் சொல்கிறார். மூன்று பேரும் அவரவர் அளவில் பொய் சொல்லவில்லை. அதனால்தான் இது தனி மனிதர்களைத் திட்டித் தீரும் காரியமாக இல்லை. சட்டம் எழுதுகிறவர்களிடம் வந்திருக்கிறேன்.

சட்டமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஓய்வுக்குப் பிறகு எனக்கு நேரம் இருந்தது. தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005 என்ற மத்தியச் சட்டத்தை வரி விடாமல் படித்தேன். உரிமம் இல்லாமல் ஏஜென்சி நடத்தக் கூடாது. காவலாளிக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும், 65 வயதை எட்டியிருக்கக் கூடாது. முன்நடத்தை விசாரிக்கப்பட வேண்டும். புகைப்படத்துடன் அடையாள அட்டை தர வேண்டும். ஒவ்வொரு காவலாளியின் பெயர், முகவரி, படம், சம்பளம் எல்லாம் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும். பயிற்சி எவ்வளவு தெரியுமா? மத்திய அரசு 2006-இல் வெளியிட்ட மாதிரி விதிகள் வகுப்பறையில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் என்றன. அதுவும் குறைந்தது 20 வேலை நாட்களில் பரவலாக. தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது, அடையாளத் தாள்களைச் சரிபார்ப்பது, வெடிபொருளை இனம் காண்பது, காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதியும் முறை என்று பாடத்திட்டம் நீள்கிறது. 15 காவலாளிகளுக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்லின.

படித்துவிட்டு எனக்குத் தெரிந்த காவலாளிகள் சிலரிடம் கேட்டேன். ஒருவர் சொன்னார்: ‘சட்டை குடுத்தாங்க, கேட்டு எதுன்னு காட்டினாங்க, அவ்வளவுதாம்மா.’ 160 மணி நேரப் பயிற்சி என்றதும் அவர் மனைவி, ‘அத்தனை நாள் சம்பளம் இல்லாம இருந்தா அடுப்பு எரியுமா’ என்றார். சட்டம் கேட்கும் பயிற்சிக்கும் அந்த வீட்டு அடுப்புக்கும் நடுவே யார் பணம் போடுவது என்று எங்கேயும் எழுதவில்லை. பயிற்சிச் சான்றிதழ் மட்டும் எல்லோருடைய கோப்பிலும் இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இன்னொன்று. அது பேசுவதெல்லாம் ஏஜென்சியிடம்தான். ஏஜென்சியை அமர்த்திக்கொள்ளும் அலுவலகத்துக்கு அதில் ஒரு கடமையும் வைக்கப்படவில்லை. பயிற்சி, தகுதி விதிகளை மீறினால் அபராதம் அதிகபட்சம் 25,000 ரூபாய். உரிமத்தை ரத்து செய்யவும் வழி உண்டு. ஆனால் எந்த வாசலில் இன்றிரவு யார் நிற்கிறார் என்பதைப் பார்க்கக்கூடியது அந்த வாசலுக்குரிய அலுவலகம்தான். அதற்குப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

சம்பளத்தின் பக்கம் நிலைமை சற்று வேறு. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே, அதாவது ஒப்பந்தக்காரரை அமர்த்திய நிறுவனமே, கொடுத்துவிட்டு, ஒப்பந்தக்காரரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 21-ஆம் பிரிவில் சொன்னது. கூலி பட்டுவாடா ஆகும்போது முதன்மை வேலையளிப்பவரின் ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்றும் சொன்னது. நான் வேலை பார்த்த இடங்களில் அப்படி ஒருவர் வந்து நின்றதைப் பார்த்த நினைவே இல்லை.

இந்தச் சட்டங்களின் வரலாற்றில் நான் அறிந்துகொண்ட ஒரு செய்தியை நீங்கள் அவசியம் கேட்க வேண்டும். 1976 டிசம்பர் 9-ஆம் தேதி மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்ட நிறுவனங்களின் கட்டடங்களைப் பெருக்குவது, சுத்தம் செய்வது, தூசு தட்டுவது, காவல் காப்பது ஆகிய வேலைகளுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை வைக்கக் கூடாது என்பது அதன் உள்ளடக்கம். நாள்தோறும் நடக்கிற, என்றும் நிற்காத வேலைக்கு எதற்கு ஒப்பந்தம் என்ற எளிய நியாயம். 25 ஆண்டுகள் கழித்து, 2001 ஆகஸ்ட் 30-இல், இந்திய உருக்கு ஆணையம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. ஒவ்வொரு நிறுவனத்தையும் தனித்தனியாக ஆராயாமல் ஒட்டுமொத்தமாகத் தடை போட்டது தவறு என்றது. அதற்குப் பிறகு 2020-இல் இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், ஒரு நிறுவனம் எதற்காக நடக்கிறதோ அந்த மைய வேலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்கிறது. பரவாயில்லையே என்று அடுத்த வரியைப் படித்தால், காவல் பணி மைய வேலை ஆகாது என்று அங்கே பட்டியலே போட்டிருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய பகுதி பொருந்துவதற்கான எண்ணிக்கையையும் 20 பேரிலிருந்து 50 பேராக உயர்த்தியிருக்கிறது. ஒரு தாலுகா மருத்துவமனையில் 50 காவலாளிகளை நான் கண்டதில்லை.

பிரசவ வார்டின் கதவு மைய வேலை இல்லையாம். அந்தக் கதவைக் கடந்து ஒரு பச்சைக் குழந்தை காணாமல் போனால், அந்தத் தாயிடம் போய் இதைச் சொல்ல எந்த அதிகாரிக்கும் நா எழாது.

இப்போது பணம் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். நான் கணக்காளர் இல்லை. ஆனால் இரவு எத்தனை நாற்காலி காலியாக இருந்தது என்று எண்ணியவள். ஓர் எடுத்துக்காட்டுக்கு, ஒப்பந்தத்தில் ஷிப்டுக்கு 20 பேர் என்று வையுங்கள். டெண்டரில் குறைந்த விலை சொன்னவருக்கு வேலை கிடைக்கிறது. குறைந்தபட்சக் கூலி, வேலையளிப்பவரின் பங்காக வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈஎஸ்ஐக்கு 3.25 சதவீதம், சீருடை, பயிற்சி, விடுப்பில் போகிறவருக்கு மாற்று ஆள் – இத்தனையும் நேர்மையாகப் போட்டால் அந்த விலைக்கு அடங்காது என்பது கையெழுத்துப் போடும்போதே இரு தரப்புக்கும் தெரியும். அப்புறம் லாபம் எங்கிருந்து வரும்? 20 பேருக்குப் பில் போட்டு 14 பேரை நிறுத்துவதிலிருந்து வரும். அந்த 14 பேரில் சிலரை டபுள் டியூட்டி பார்க்கவைத்து, இல்லாத ஆளின் பெயரில் கையெழுத்துப் போடச் சொல்வதிலிருந்து வரும். பிடித்த பிஎஃபைக் கட்டாமல் தள்ளிப்போடுவதிலிருந்து வரும். இதில் காவலாளியும் உடந்தை என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு ஷிப்ட் சம்பளத்தில் பிள்ளையைப் படிக்கவைக்க முடியாது என்பதால் இரண்டாவது ஷிப்டை அவரே கேட்டு வாங்குகிறார். அதை இல்லாத ஒருவனின் பெயரில்தான் தருவோம் என்றது அவர் அல்ல.

அன்று அண்ணன் தன் பெயரிலேயே நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? வேலையில் பட்ட காயம் என்பதால் ஈஎஸ்ஐயில் சிகிச்சை கிடைத்திருக்கும், ஓய்வெடுக்கும் நாட்களுக்கு ஊதியத்தில் 90 சதவீதம் கிடைத்திருக்கும். அடித்தவர்கள் மேல் வழக்கு இருந்திருக்கும். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோரைத் தண்டிக்க 2008-லேயே இந்தச் சட்டமன்றம் தனிச்சட்டம் இயற்றியிருக்கிறது. அத்தனையும் ஒரு பொய்ப் பெயரில் முடங்கிப்போனது.

காவலாளிகள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பார்வையாளர் நேரம் முடிந்தபின் 20, 50 வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாஸ் இல்லாத கிழவியை நெட்டித் தள்ளிவிட்டு, வெள்ளை வேட்டிக்காரருக்குக் கதவைத் திறந்துவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நோயாளியின் தங்கையிடம் தப்பாக நடந்துகொண்ட ஒருவரைப் பற்றி நாங்கள் எழுதிக் கொடுத்தோம். அன்றே ஆளை மாற்றினார்கள். மூன்று வாரம் கழித்துப் பக்கத்து ஊர் மருத்துவமனைக்கு ஒரு நோயாளியோடு ஆம்புலன்ஸில் போனேன். வாசலில் அதே ஆள், அதே சீருடை. கண்காணிப்பு வேண்டும் என்று நான் கேட்பது காவலாளிக்காக மட்டும் அல்ல, அவரைக் கடந்து உள்ளே போகும் ஏழைகளுக்காகவும்தான்.

2024 ஆகஸ்ட் 9-ஆம் தேதி கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் பணியிடத்திலேயே வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். குற்றவாளி என்று பின்னர் தீர்ப்பளிக்கப்பட்டவன், காவல் துறைக்கு உதவியாக ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டிருந்த தன்னார்வலன். மருத்துவமனைக்குள் அவனை யாரும் நிறுத்திக் கேட்கவில்லை. அந்த வழக்கைத் தானாக முன்வந்து விசாரித்த உச்ச நீதிமன்றம், மருத்துவமனைப் பாதுகாப்புக்கு மறுபடியும் ஒப்பந்த ஆட்களைச் சில நாள் பயிற்சியோடு நிறுத்தப் போகிறீர்களா என்று மேற்கு வங்க அரசைக் கேட்டது. அதே ஆண்டு நவம்பர் 13-இல், நம் கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு மருத்துவர் ஒருவரை, அங்கு சிகிச்சை பெற்ற ஒரு பெண்மணியின் மகன் கத்தியால் குத்தினான். உடனே மெட்டல் டிடெக்டர், கேமரா, போலீஸ் சாவடி என்று பேச்சு எழுந்தது. மூன்றும் வேண்டியவைதான். ஆனால் மெட்டல் டிடெக்டர் கீச்சிட்டதும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒரு மனிதர் அங்கே நிற்க வேண்டுமே. அவர் 24 மணி நேரமாகக் கண் மூடாதவராக இருந்தால்?

மடப்புரத்தை நான் மறக்கவில்லை, நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். சிவகங்கை மாவட்டத்தில் இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் உள்ள பத்ரகாளியம்மன் கோயில். அங்கே தற்காலிகக் காவலாளியாக இருந்த 27 வயது இளைஞர், 2025 ஜூன் மாதம், போலீஸ் தனிப்படையின் பிடியில் இறந்துபோனார். கோயிலுக்கு வந்த பக்தர்கள் காரை நிறுத்தச் சொல்லிச் சாவியை அவர் கையில் கொடுத்ததாகவும், பிறகு காருக்குள் இருந்த நகையைக் காணோம் என்றும் புகார். அவரை அடித்தவர்களின் குற்றத்தை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். வழக்கு சிபிஐயிடம் போயிருக்கிறது. காவலாளிகளின் வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்பதால் அந்தச் சாவி என் கண்ணை விட்டு அகலவில்லை. காவலாளி அடுத்தவர் கார் சாவியை வாங்கலாமா, கூடாதா? எழுதிவைத்த விதி எங்கே? ‘அண்ணே, இதைக் கொஞ்சம் பிடிங்க’ என்று நம்மில் எத்தனை பேர் பையையும் செருப்பையும் வண்டியையும் அவரிடம் விட்டுப் போயிருக்கிறோம். மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, பிணவறைக்குத் துணைக்குப் போவது, டீ வாங்கி வருவது எல்லாம் அவர் தலையில்தான். நானும் டீ வாங்கி வரச் சொன்னவள்தான். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு ஒரு தாள் இல்லை. ஏதாவது காணாமல் போனால் முதல் சந்தேகம் மட்டும் அவர் மேல்.

கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

அரசுக் கட்டடங்களில் ஒப்பந்தக் காவலாளிகளின் நியமனத்தையும் கண்காணிப்பையும் பற்றித் தனியாக ஒரு மாநிலச் சட்டம் வேண்டும். தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் இருக்கிறது. மத்தியச் சட்டத்தோடு முரண்படும் இடங்களுக்கு அரசமைப்பின் 254(2)-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற வழி உண்டு. பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலிலேயே இருக்கின்றன. அதனால் டெல்லியைக் கைகாட்டிவிட்டு உட்கார்ந்திருக்க இது இடமில்லை.

அந்தச் சட்டத்தின் முதல் வரி, இந்த வாசலில் நிற்பவர் இந்த அலுவலகத்தின் பொறுப்பு என்று இருக்கட்டும். ஏஜென்சி வழியாக வந்தவரானாலும் அலுவலகத் தலைவர் அவருக்குக் கடமைப்பட்டவர். ஒவ்வொரு ஷிப்டும் தொடங்கும்போது மருத்துவமனையைச் சேர்ந்த ஒரு அரசு ஊழியர் எண்ணிப் பார்த்து, முகத்தையும் அட்டையையும் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாத பில்லுக்குப் பணம் கிடையாது. மாலையில் மருந்து அலமாரியில் எத்தனை ஊசி மருந்து இருக்கிறது என்று நாங்கள் எண்ணி எழுதி, அடுத்த ஷிப்ட் சிஸ்டரிடம் ஒப்படைக்கிறோம். ஓர் ஊசி குறைந்தால் விளக்கம் கேட்கிறார்கள். ஓர் ஆள் குறைந்தால் கேட்கக் கூடாதா?

இன்றிரவு இந்த வாசலில் யார், அவர் பெயர் என்ன, எத்தனை மணி வரை என்று வார்டு வாசலில் தமிழில் ஒரு பலகை வைக்கச் சொல்லுங்கள். பணி மருத்துவரின் பெயரை எழுதிவைக்கிற பலகைகள் ஏற்கெனவே பல இடங்களில் உண்டு. அதன் அடியில் ஒரு வரி போதும். நாலு வருஷம் பெயர் தெரியாமல் பழகிய எனக்கு இந்த ஒரு வரியின் அருமை தெரியும்.

எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே ஆள் நிற்கக் கூடாது, தொடர்ந்து இரண்டு ஷிப்ட் கூடாது. ஆனால் சம்பளத்தைச் சரிசெய்யாமல் இதை மட்டும் எழுதினால் அவர் பட்டினிதான் கிடப்பார். இதில் மகாராஷ்டிரம் நமக்கு முன்னோடி. தனியார் பாதுகாவலர் பணி ஒழுங்குமுறை மற்றும் நலச் சட்டத்தை அவர்கள் 1981-லேயே கொண்டுவந்தார்கள். காவலாளி, அந்தச் சட்டப்படி அமைந்த வாரியத்தில் பதிவு செய்துகொள்கிறார். ஆள் வேண்டும் நிறுவனம் வாரியத்திடம் கேட்கிறது. கூலியையும் அதற்கு மேல் நல நிதிக்கான தொகையையும் நிறுவனம் வாரியத்திடம் கட்ட, வாரியம் காவலாளிக்குச் சம்பளம் தருகிறது. நடுவில் குறைத்துப் பிடிக்க ஆள் இல்லை. அங்கும் ஏஜென்சிகள் விலக்கு வாங்கிக்கொண்டு தப்பிக்கும் வழி இருக்கிறது. அந்த ஓட்டையை நம் சட்டத்தில் அடைத்துவிடுங்கள். நமக்கே ஒரு முன்மாதிரியும் உண்டு. முன்னாள் படைவீரர்களுக்காக 1986 முதல் டெக்ஸ்கோ என்ற அரசு நிறுவனம் காவல் பணிக்கு ஆள் அனுப்பி வருகிறது. முன்னாள் படைவீரர் அல்லாத ஏழைக்கும் அப்படி ஒரு கூரை கேட்கிறேன்.

பயிற்சியை ஏஜென்சி கையில் விடாதீர்கள். தீயணைப்புத் துறையும் காவல் பயிற்சிப் பள்ளிகளும் மாவட்டந்தோறும் செய்ய முடிந்த காரியம் இது. பயிற்சி நாட்களுக்குக் கூலி வேண்டும். மருத்துவமனைக்கு வருகிறவருக்குத் தனியாக ஒரு பாடம் வேண்டும்: சாவுச் செய்தி கேட்டு வெடிக்கும் கூட்டத்தின் முன் எப்படி நிற்பது, யாரைத் தொடக் கூடாது, எந்தப் பாதையை எந்நேரமும் காலியாக வைக்க வேண்டும். பிரசவ வார்டிலும் பெண்கள் வார்டிலும் பெண் காவலாளிகள் கட்டாயம். அவர்களுக்குப் பூட்டு உள்ள கழிவறையும் கட்டாயம். இதை எழுத வேண்டியிருக்கிறதே என்று கூச்சமாக இருக்கிறது. எழுதாவிட்டால் கட்ட மாட்டார்கள்.

அவர் வேலை எது, எது இல்லை என்று ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, அவர் கையிலும் சுவரிலும் இருக்கட்டும். சாவி வாங்குவதில்லை, பணம் வாங்குவதில்லை, கை நீட்டி அடிப்பதில்லை. தப்பு செய்து நீக்கப்பட்டவர் வேறு ஊர் வாசலில் போய் நிற்காதபடி மாநிலம் முழுவதற்கும் ஒரே பதிவேடு. பழி சுமத்தப்பட்டவரின் பக்கத்தைக் கேட்காமல் அதில் பெயரை ஏற்றக் கூடாது.

சோதனையும் வேண்டும். அமெரிக்காவில் மத்திய அரசுக் கட்டடங்களைக் காக்க ஏறக்குறைய 13,000 ஒப்பந்தக் காவலர்கள் இருக்கிறார்கள். அவர்களை மேற்பார்வை செய்யவென்றே ஓர் அரசுப் பிரிவு இருக்கிறது. அங்குள்ள நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம், சாதாரண மக்களைப் போல ஆட்களை, தடை செய்யப்பட்ட பொருளோடு உள்ளே அனுப்பிப் பார்த்தது. 2024-இல் வெளியான அறிக்கையின்படி 27 முயற்சிகளில் ஏறக்குறைய பாதியில் காவலர்கள் அந்தப் பொருளைக் கண்டுபிடிக்கவில்லை. அதைத் தொடர்ந்து அங்கே கண்காணிப்பை இறுக்கச் சட்ட முன்வடிவுகள் வந்தன. அத்தனை பணமும் கருவியும் உள்ள நாட்டில் பாதி. அவர்கள் சோதித்துப் பார்த்ததால் அது வெளியே தெரிந்தது. இங்கேயும் ஆண்டுக்கு இரண்டு முறை, சொல்லாமல், இரவில் சோதியுங்கள். தோற்ற காவலாளியைத் துரத்துவதற்காக அல்ல, அந்த வாசலுக்கு எத்தனை ஆள் குறைவு என்று தெரிந்துகொள்வதற்காக. அறிக்கையைப் பேரவையின் முன் வையுங்கள்.

கடைசியாக, பணியில் அடிபட்ட காவலாளிக்காக மருத்துவமனைத் தலைவரே அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும். அவர் எந்த ஏஜென்சி, பதிவேட்டில் எந்தப் பெயர் என்பதெல்லாம் பிறகு. பொய்ப் பெயரில் ஆள் நிறுத்தியிருந்தால் தண்டனை அப்படி நிறுத்தியவருக்கு, நின்றவருக்கு அல்ல. இந்த வரி சட்டத்தில் இல்லையென்றால், இன்னொரு ராத்திரி இன்னொரு அண்ணன் படியில் வழுக்கி விழுவார்.

இந்த மடலின் பிரதியைப் பேரவையின் மனுக்கள் குழுவுக்கும் அனுப்புகிறேன். அழைத்தால் என் சொந்தச் செலவில் வருகிறேன். எந்த மருத்துவமனை, எந்த ஏஜென்சி என்று பொதுவில் எழுத எனக்கு விருப்பமில்லை. அண்ணன் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். அவர் பெயர் இப்போது எனக்குத் தெரியும். குழுவின் முன் உட்கார்ந்து, அவர் அனுமதியோடு, அந்தப் பெயரைச் சொல்வேன். அன்றிரவு அவர் படியில் விழவில்லை என்பதையும் சொல்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு செவிலியர் ஒருவர்